அதிகாலை மூன்று மணி விழிப்பும் ஒரு பொட்டலம் மூலிகைப் பொடியும்

கேள்வி: எனக்கு 43 வயது. சிங்கப்பூரில் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் வேலை. ஐரோப்பிய அலுவலகத்தோடு வாரத்தில் மூன்று, நான்கு நாள் இரவு பதினொன்று வரை கூட்டம் இருக்கும். அது முடிந்துதான் சாப்பாடு. சில மாதங்களாக அதிகாலை மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமே இல்லை. "அது கல்லீரல் நேரம், கல்லீரலில் நச்சு சேர்ந்திருக்கிறது" என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கூட வேலை பார்க்கும் சீனத் தோழி ஒரு மூலிகைப் பொடி வாங்கித் தந்திருக்கிறார். பொட்டலத்தில் எல்லாம் சீன எழுத்து. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் எடுக்கிறேன். பொடியைச் சாப்பிடலாமா? தாவோ, சீன மருத்துவம் என்று சொல்கிறார்களே, அதில் என்னைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பொடி. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். ஆகவே இப்போதைக்கு அதைப் பிரிக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், ஆம், இருக்கிறது. பொது மருத்துவம் படித்து, பிறகு அக்குபங்சரும் பயின்றவன் என்ற முறையில் இதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த மரபின் மிகச் சிறந்த பகுதி பொட்டலத்தில் வருவதில்லை. அது எப்போது சாப்பிடுகிறோம், எப்போது படுக்கிறோம், உடம்பை எப்படி அசைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

காணொளியில் பார்த்த கடிகாரத்துக்கு வருகிறேன். சீனர்கள் ஒரு நாளை இரண்டு இரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்தார்கள். இரவு 11 முதல் 1 வரை பித்தப்பை, 1 முதல் 3 வரை கல்லீரல், 3 முதல் 5 வரை நுரையீரல் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உறுப்பின் ஓடுபாதையை, அதாவது உயிராற்றல் ஓடுவதாக அவர்கள் கருதிய வழியை, பொருத்தினார்கள். எந்த நேரத்தில் எந்தப் புள்ளியில் ஊசி போடுவது என்று தேர்ந்தெடுக்க வகுத்த முறை அது. ஜின், யுவான் அரசுகளின் காலத்தில், அதாவது 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை, நன்கு வளர்ந்தது. மூன்று மணிக்கு விழித்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று நோய் கண்டறிவதற்காக அதை யாரும் ஏற்படுத்தவில்லை. அதுமட்டுமல்ல, சீன மருத்துவர் கல்லீரல் என்று சொல்லும்போது வலது விலாவுக்கு அடியில் இருக்கும் அந்த உறுப்பை மட்டும் நினைப்பதில்லை. கோபம், மன இறுக்கம், கண், தசைநார், மாதவிடாய் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுதியாகப் பார்க்கிறார். உங்கள் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரத்தப் பரிசோதனை செய்தால் போதும். வீணாகப் பயப்பட வேண்டாம்.

அப்படியானால் ஏன் மூன்று மணி? பின்னிரவில் எல்லோருக்குமே தூக்கம் மெலிதாகிறது. அந்த நேரத்தில் சின்ன இடைஞ்சல் இருந்தாலும் விழிப்பு வந்துவிடும். இரவு பதினொன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் புளிப்பு மேலே ஏறி எழுப்பும். 43 வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள் தொடங்கியிருக்கலாம், திடீரென உடம்பு சூடாகி வியர்ப்பது அதன் அடையாளம். தைராய்டு, மனக்கவலை, இவையும் காரணமாகலாம். நான் உங்களிடம் அழுத்திக் கேட்பது ஒன்று: குறட்டை விடுகிறீர்களா? வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலில் கண் சொக்குவது இவையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்க வாய்ப்புண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இது அதிகம், அழுத்தத்தையும் கூட்டும். இதற்கு மூலிகை எதுவும் உதவாது. உங்கள் மருத்துவரிடம் சொல்லி உறக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

சரி, இனி பழைய நூல்கள்.

சீன மருத்துவத்தின் அடிப்படை நூல் ஹுவாங்தி நெய்ஜிங். மஞ்சள் பேரரசரின் பெயரில் வழங்கும் இது கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகள் வாக்கில் தொகுக்கப்பட்டது. அதன் முதல் அத்தியாயமே ஒரு கேள்விதான். பேரரசர் தம் ஆசானான ச்சீபோவிடம் கேட்கிறார்: முற்காலத்தில் நூறு வயது வரை தளராமல் வாழ்ந்தார்களாமே, இக்காலத்தவர் ஐம்பதிலேயே ஓய்ந்துபோகிறார்களே, ஏன்? ச்சீபோ சொல்லும் பதிலில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர்கள் உண்பதில் அளவு வைத்திருந்தார்கள், எழுவதிலும் படுப்பதிலும் ஒழுங்கு வைத்திருந்தார்கள், உடம்பை வீணாகச் சோர வைக்கவில்லை. இப்போதுள்ளவர்களோ மதுவைத் தண்ணீர்போல் குடிக்கிறார்கள், ஓய்வுக்கும் வேலைக்கும் நேரம் காலம் வைத்துக்கொள்வதில்லை என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு மருத்துவர் தம் காலத்து மக்களைப் பார்த்து இப்படி வருத்தப்பட்டிருக்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் என் நோயாளிகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.

அதே அத்தியாயத்தில் பெண்ணின் உடலை ஏழேழு ஆண்டுகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள். 14இல் பூப்பு, 42 வாக்கில் முகம் வாடி நரை தொடங்குவது, 49இல் மாதவிடாய் நிற்பது. கடைசி வயது இன்றைய மருத்துவம் சொல்வதற்கு மிக அருகில் வருகிறது. நீங்கள் அந்த வாசலில் நிற்கிறீர்கள். இருபத்தைந்து வயதில் தாங்கிய இரவு வேலையை உடம்பு இப்போது தாங்காததில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

இரண்டாம் அத்தியாயம் பருவங்களைப் பற்றியது. வசந்தத்தில் சீக்கிரம் எழுந்து முற்றத்தில் உலாவு, முடியை அவிழ்த்துவிடு, உடம்பைத் தளர்த்து. கோடையில் வெயிலை வெறுக்காதே. இலையுதிர்காலத்தில் சீக்கிரம் படுத்துக் கோழியோடு எழு. குளிர்காலத்தில் சீக்கிரம் படு, வெயில் வந்தபின் எழு. முளைத்தல், வளர்தல், அறுவடை, சேமிப்பு என்ற நான்கையும் மனிதனும் பின்பற்ற வேண்டும் என்பது கருத்து. தாவோ மரபும் இதையேதான் சொல்கிறது: இயற்கைக்கு ஒரு போக்கு இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டாமல் கூடப் போ.

சிங்கப்பூரில் எங்கே நான்கு பருவம் என்று நீங்கள் கேட்கலாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருடம் முழுக்கப் புழுக்கமும் மழையும்தான். ஆனால் நெய்ஜிங்கின் இரண்டாம் பாகமான லிங்ஷூவில் 44ஆம் அத்தியாயம் நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஒரு நாளையே அது நான்கு பருவமாகப் பிரிக்கிறது. காலை வசந்தம், நடுப்பகல் கோடை, சூரியன் சாயும் நேரம் இலையுதிர்காலம், நடுநிசி குளிர்காலம். நாட்காட்டிப் பருவம் இல்லாத ஊரில் இருப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த நாள் கணக்கைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் நாளை இதில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். அறுவடை செய்து களத்தைக் கூட்ட வேண்டிய நேரத்தில் நீங்கள் கோடையை நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்: வெளிச்சம், திரை, வாக்குவாதம். நடுநிசியில், எல்லாம் அடங்க வேண்டிய வேளையில், வயிற்றுக்கு வேலை கொடுக்கிறீர்கள். காலை வசந்தத்தைத் தூக்கமில்லாமல் சோர்ந்து கழிக்கிறீர்கள்.

கூட்டங்களின் நேரம் உங்கள் கையில் இல்லை என்று தெரியும். சாப்பாட்டு நேரம் உங்கள் கையில் இருக்கிறது. ஏழு, ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்தில் உட்காருங்கள். முடிந்தபின் பசித்தால் அரைக் கிண்ணம் கஞ்சி போதும். டாங் அரச காலத்துச் சீனப் பெரும் மருத்துவர் சுன் சிமியாவ் தாவோ நெறியில் வாழ்ந்தவர். 682இல் மறைந்தார். நோயை முதலில் உணவால் சரிசெய், உணவு தோற்றால் மட்டும் மருந்துக்குப் போ என்பது அவர் வைத்த வரிசை. இரவில் வயிறு முட்ட உண்ணாதே என்றார். உண்டபின் படுக்காதே, மெல்ல நட, வயிற்றைக் கையால் தடவிக்கொடு என்றார். உங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே வாய்ட் டெக் என்னும் திறந்த தரைத்தளத்தில் பத்து நிமிடம் நடந்தால் அதுவே போதும். மாலை ஆறு மணிக்குமேல் கோப்பி, தே பெங் என்னும் பனிக்கட்டித் தேநீர் வேண்டாம். பனிக்கட்டி போட்ட பானம் மண்ணீரலைக் கெடுக்கும் என்று சீன மருத்துவர் சொல்வார். நான் சொல்வது அதிலுள்ள கஃபீனையும் சர்க்கரையையும் பற்றி. காரணம் வேறாக இருந்தாலும் முடிவில் இருவரும் ஒன்றாகவே நிற்கிறோம்.

இரவில் எந்த நேரத்தில் படுத்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து, அரை மணிக்குள் வெளிச்சத்துக்கு வாருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் மூளையிலுள்ள கடிகாரம் அன்றைய இரவுத் தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது. இது இன்றைய உறக்கவியலின் மிக உறுதியான அறிவுரைகளில் ஒன்று. முற்றத்தில் உலாவு என்று நெய்ஜிங் சொன்னதும் இதற்குப் பொருந்திப் போகிறது.

அப்புறம் உட்காருவது. நெய்ஜிங்கின் சூவென் என்னும் முதல் பாகத்தில் 23ஆம் அத்தியாயத்தில் ஐந்து மிகைகள் வருகின்றன. நெடுநேரம் பார்த்தால் இரத்தம் கெடும், நெடுநேரம் படுத்தால் ச்சி என்னும் உயிராற்றல் கெடும், நெடுநேரம் உட்கார்ந்தால் தசை கெடும், நெடுநேரம் நின்றால் எலும்பு கெடும், நெடுநேரம் நடந்தால் தசைநார் கெடும். நடப்பதைக்கூட விட்டுவைக்கவில்லை பாருங்கள். எதுவும் நீண்டுகொண்டே போகக் கூடாது என்பதுதான் அவர்களின் கவலை. நீங்கள் பார்ப்பது, உட்காருவது இரண்டையும் ஒரே நாற்காலியில் பத்து மணி நேரம் செய்கிறீர்கள்.

இதற்குச் சீனர்கள் வைத்திருக்கும் மருந்து தாவோயின். மூச்சோடு சேர்த்து உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி. எவ்வளவு பழையது என்பதற்குக் கண்ணால் காணும் சான்று இருக்கிறது. ஹூனான் மாநிலம் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையை 1973இல் தோண்டினார்கள். அதில் கிடைத்த பட்டுத்துணியில் 44 மனித உருவங்கள் பயிற்சி செய்வதுபோல் வரையப்பட்டிருந்தன. ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும் இருக்கிறார்கள். பிற்காலத்தில் ஹுவா துவோ என்ற மருத்துவர் புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவுகளை வைத்து ஐந்து விலங்கு ஆட்டம் என்று ஒரு பயிற்சி வகுத்தார். உடம்புக்கு உழைப்பு வேண்டும், ஆனால் களைத்து விழும் அளவுக்கு வேண்டாம் என்று தம் சீடருக்குச் சொன்னார். ஓடும் நீர் நாறாது, திறந்து மூடும் கதவின் குடுமி உளுக்காது என்பது அந்த மரபின் பழமொழி.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது பாதுவான்ஜின் என்னும் எட்டு அசைவுப் பயிற்சி. சோங் அரசு காலத்திலிருந்து வருவது. முதல் அசைவை மட்டும் சொல்கிறேன். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். வயிற்றுக்குமுன் விரல்களைக் கோத்து உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை நெஞ்சு வரை உயர்த்தி, அங்கே உள்ளங்கையைப் புரட்டி, வானத்தைத் தாங்குவதுபோல் தலைக்குமேல் தள்ளுங்கள். பார்வையும் கையோடு மேலே போகட்டும். முழங்கை நீண்டதும் விலாவின் இரு பக்கமும் இழுபடுவது தெரியும். அங்கே ஒரு கணம் நிறுத்தி, மூச்சை விட்டபடி கைகளைப் பக்கவாட்டில் மெல்ல இறக்குங்கள். மேலே தள்ளும்போது மூச்சை அடக்கி முக்கக் கூடாது, அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆறு முதல் எட்டு முறை செய்தால் போதும். மீதி ஏழையும் யாராவது பார்த்துத் திருத்தக் கற்றுக்கொள்வது நல்லது. காலையில் பூங்காவில் செய்துகொண்டிருக்கும் மூத்தவர்கள் கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் நில்லுங்கள், பெரும்பாலும் அவர்களே கூப்பிட்டுச் சொல்லித் தருவார்கள். இதன் உறவான தாய்ச்சி என்னும் மெதுவான அசைவுப் பயிற்சி பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், தாய்ச்சி செய்தவர்களின் சமநிலை மேம்பட்டது, கீழே விழுவதும் குறைந்தது.

மூன்று மணிக்கு விழித்தபின் என்ன செய்வது? தாவோ மரபு எனக்குக் கற்றுக்கொடுத்ததில் மிகப் பயனுள்ளது இங்கேதான் வருகிறது. வூ வெய் என்பார்கள். சோம்பிக் கிடப்பதல்ல அது, வலிந்து திணிக்காமல் இருப்பது. தாவோ மரபின் பழைய நூலான சுவாங்சியில் மூன்றாம் அத்தியாயத்துக்கு உயிரைப் பேணுதல் என்றே பொருள்படும் தலைப்பு. அதில் திங் என்ற சமையற்காரர் மாட்டை வெட்டுகிறார். 19 வருடமாக அதே கத்தி, ஆனால் விளிம்பு இன்று தீட்டியதுபோல் இருக்கிறது. எலும்பில் மோதாமல் மூட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் கத்தியை விடுகிறார், அதனால்தான். சிக்கலான இடம் வந்தால் பார்வையை நிறுத்தி, கையை மெதுவாக்கி, மிக லேசாக அசைக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த அரசர், உயிரைப் பேணும் வழியை இவரிடம் கற்றேன் என்கிறார்.

தூக்கத்தை வலிந்து பிடிக்க முயல்வது கத்தியை எலும்பில் போடுவது. "இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது, தூங்கியே ஆகணும்" என்று புரண்டால் விழிப்புதான் கூடும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கைபேசியை வேறு அறையில் வையுங்கள். இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றினால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். நாற்காலியில் சாய்ந்து, மூச்சு தொப்புள்வரை இறங்கி ஏறுவதைக் கவனியுங்கள். கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். தூக்கமின்மைக்கு இன்று மருத்துவ உலகம் முதலில் பரிந்துரைக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையிலும் இதே அறிவுரை உண்டு.

இனி பொட்டலம். இந்த மரபில் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோ அறிஞர் கெ ஹோங் அவசரத்துக்கான மருந்துக் குறிப்புகளைத் தொகுத்தார். முறைக்காய்ச்சலுக்கு, ச்சிங்ஹாவ் என்ற செடியை ஒரு பிடி எடுத்து நீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்தச் சாற்றைக் குடி என்று அதில் இருக்கிறது. காய்ச்சச் சொல்லவில்லை. 1971இல் மலேரியா மருந்து தேடிக்கொண்டிருந்த சீன ஆராய்ச்சியாளர் து யூயூ இந்த வரியைப் படித்து, சூட்டில் மருந்துச் சத்து அழிகிறதோ என்று யோசித்தார். குறைந்த வெப்பத்தில் ஈதர் என்னும் கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்துப் பார்த்தார். அப்படிக் கிடைத்ததுதான் ஆர்ட்டிமிசினின். உலகமெங்கும் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து, 2015இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது.

ஆனால் அதே கெ ஹோங்தான், சாதிலிங்கத்திலிருந்து, அதாவது பாதரசம் கொண்ட செந்நிறத் தாதுவிலிருந்து, சாகா மருந்து செய்யலாம் என்றும் எழுதினார். அந்த வகை மருந்தைச் சாப்பிட்டு டாங் அரசர்களில் சிலர் செத்தே போனார்கள். ஒரே மனிதரின் எழுத்தில் இரண்டும் இருக்கின்றன. பழையது என்பதால் எதையும் நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் பிரிக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் ஆபத்து எங்கே என்று சொல்கிறேன். சீனக் கலவை மருந்துகளில் மிக அதிகமாகச் சேர்வது அதிமதுரம். தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். மாஹுவாங் என்ற செடியில் எஃபெட்ரின் இருக்கிறது. அதுவும் அழுத்தத்தை ஏற்றி, தூக்கத்தையும் விரட்டும். நரைக்கும் கல்லீரலுக்கும் நல்லது என்று விற்கும் ஹெ ஷோ வூ என்ற வேரால் கல்லீரலே பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இன வேர் மாறிச் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது, சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. உங்கள் தோழி அன்பாகத்தான் தந்திருக்கிறார். நன்றி சொல்லி, மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் அவரும் புரிந்துகொள்வார்.

சீன மருத்துவரைப் பார்க்க விரும்பினால் தாராளமாகப் பாருங்கள். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். நல்ல மருத்துவர் அவசரமாக மருந்து எழுத மாட்டார். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தையும் மேலே உள்ள படிவையும் பார்ப்பார், பசி, தாகம், மலம், வியர்வை, மாதவிடாய், கனவு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இப்படி ஒருவர் நிதானமாகக் கேட்பதே பலருக்குப் பாதி ஆறுதல். அக்குபங்சர் செய்யச் சொன்னால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குமட்டலுக்கும் சில நாள்பட்ட வலிகளுக்கும் அது உதவுவதற்குச் சான்று உண்டு. தூக்கத்துக்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை, ஆனால் முறையாகப் படித்தவர் கையில் ஆபத்து குறைவு. அம்லோடிபின் அட்டையையும் இந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்து தந்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்கி, உங்கள் பொது மருத்துவரிடம் காட்டுங்கள். அழுத்தம் நன்றாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யார் சொன்னாலும், மாத்திரை எழுதிய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

முதலில் இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தையும் காலை வெளிச்சத்தையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். தினமும் காலையில் இரத்த அழுத்தத்தை அளந்து, இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். குறட்டை பற்றி வீட்டில் கேட்பதை இன்றைக்கே செய்யுங்கள், அதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.